அல்புமின் குறைஞ்சா யாருடைய குற்றம்?

2017 டெங்குக் காலத்தை எங்கட மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருடம் நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு சந்தேகம் என்று பதிவானது. தொடக்கத்திலேயே கடுமையாக அடிபட்ட இடங்களில் கிண்ணியா ஒன்று. அப்போது இங்கே எல்லாருக்கும் ஒரு பழக்கம் வந்தது: எஃப்.பி.சி. ரிப்போட் கைக்கு வந்த உடனே "பிளேட்லெட் எத்தனை?" என்று பார்ப்பது. ஓட்டோ ஓட்டுறவருக்கும் தெரியும், ஓ.எல். படிக்கிற பிள்ளைக்கும் தெரியும், ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் கவனம் என்று. அதே தாளில் இருந்த நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வரிகளையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அந்த இரண்டு வரிகளுக்கும் புது மவுசு வந்திருக்கு. நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுக்கிறவர்களில் யார் நீண்ட நாள் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்பதை இந்தச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலிருந்தே கணிக்கலாம் என்று கட்டுரைக்கு மேல் கட்டுரை வருகுது. சீனா, ஜப்பான், இத்தாலி என்று பல நாட்டு ஆஸ்பத்திரிகள் தங்கட பழைய ஃபைல்களைத் தூசு தட்டி எடுத்துக் கணக்குப் போட்டிருக்கின்றன. நியூட்ரோபிலை லிம்போசைட்டால் பிரித்தால் என்.எல்.ஆர். அல்புமினையும் லிம்போசைட்டையும் சேர்த்தால் பி.என்.ஐ., அதாவது போசணைக் குறியீடு. சி.ஆர்.பி.யையும் அல்புமினையும் சேர்த்தால் கிளாஸ்கோ ஸ்கோர். பெயர்கள் பெரிசு, கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

கலைப்பீடத்தில் படிக்கிறவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்த எண்கள் ஆய்வுகூடத்தை விட்டு வெளியில் வந்ததும் இரண்டு இடங்களுக்குப் போகின்றன. ஒன்று வீட்டுக் குசினி, மற்றது மருந்து யாருக்கு என்று தீர்மானிக்கிற மேசை. இரண்டு இடத்திலும் அவை தங்களால் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. குசினியில் அது பழியாக மாறுது. மேசையில் கதவடைப்பாக மாறலாம். இரண்டுக்கும் எதிராகத்தான் இதை எழுதுறேன்.

முதலில் எண்களுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். இவை புலுடா இல்லை. இம்யூனோதெரபி என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் பி.டி.-1 என்ற பிரேக்கை விடுவிக்கிற மருந்துகளை. ஜப்பானில் தசுகு ஹொன்ஜோவின் ஆய்வுகூடம் 1992இல் அந்தப் பிரேக்கைக் கண்டுபிடித்தது. இதே வழியில் இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து நேரடியாகப் புற்றைக் கொல்வதில்லை. எங்கட உடம்பில் இருக்கிற டீ-செல்களை அவிழ்த்து விடுது, அவைதான் போய் அடிக்கின்றன. டீ-செல் என்பது லிம்போசைட்டில் ஒரு வகை. ஆகவே லிம்போசைட் குறைந்த ஆளுக்கு அடிக்க ஆள் குறைவு என்று நினைப்பது நியாயம். மறுபக்கம், புற்றும் அதைச் சுற்றியுள்ள அழற்சியும் அனுப்புகிற சமிக்ஞையால் எலும்பு மச்சை நியூட்ரோபிலை அள்ளி அள்ளி வெளியே விடும். அவற்றில் ஒரு பகுதி டீ-செல்களை அடக்கவும் செய்யும். ஆக என்.எல்.ஆர். கூடியிருந்தால் அழற்சி கூட, படை குறைவு. உயிரியல் ரீதியில் ஓடுகிற கதைதான்.

ஒரு உதாரணம். ஒருவருக்கு நியூட்ரோபில் 6000, லிம்போசைட் 1500, அல்புமின் லீட்டருக்கு 32 கிராம் என்று வைப்போம். என்.எல்.ஆர். 4. பி.என்.ஐ.க்கு அல்புமின் 32ஓடு லிம்போசைட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஐந்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 32 கூட்டல் 7.5, ஆக 39.5. ஃபோன் கல்குலேட்டர் போதும். மூதூரிலோ கிண்ணியாவிலோ எடுத்த இரத்தத்தை வைத்தே போடலாம், கொழும்புக்கு அனுப்பத் தேவையில்லை. எங்களைப் போன்ற இடத்துக்கு இந்த மலிவு உண்மையாகவே பெரிய விசயம்.

ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடினால் ஒரு வேடிக்கை தெரியும். என்.எல்.ஆர்.ஐப் பிரபலமாக்கியது 2001இல் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். அவர் பார்த்தது கிருமித்தொற்றும் சத்திரசிகிச்சையும் உடம்பில் ஏற்படுத்துகிற அழுத்தத்தை. பி.என்.ஐ.யின் இன்றைய எளிய வடிவம் 1984இல் ஜப்பானில் ஒனொடெரா என்பவர் குடல், இரைப்பைச் சத்திரசிகிச்சைக்காகப் போட்டது: 45க்கு மேலே என்றால் வெட்டித் தைக்கலாம், 40க்குக் கீழே என்றால் வேண்டாம். கிளாஸ்கோ ஸ்கோர் 2003இல் சத்திரசிகிச்சை செய்ய முடியாத நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து வந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் பி.டி.-1 மருந்து அனுமதி பெற்றதோ 2015இல். அதாவது மருந்து பிறப்பதற்கு முதலே எண்கள் பிறந்துவிட்டன. ஐ.சி.யூ.விலும், சத்திரசிகிச்சைக் கூடத்திலும், கீமோ வாட்டிலும் ஏற்கெனவே சாவைக் கணித்துக்கொண்டிருந்த எண்கள் இம்யூனோதெரபியிலும் கணிக்கின்றன என்றால் அதில் இம்யூனோதெரபிக்கென்று தனியாக என்ன இருக்கு?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் தருகிற ஒரு கதை இருக்கு. 2018இல் பிரான்சின் குஸ்தாவ் ருசி புற்றுநோய் நிலையத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு 'லிபி' என்ற ஸ்கோரை வெளியிட்டது. எங்கட 'லிபி' இல்லை. நுரையீரல், இம்யூன், முன்கணிப்பு என்ற சொற்களின் ஆங்கில முதலெழுத்துகள். என்.எல்.ஆர்.இன் ஒரு மாற்று வடிவம் 3க்கு மேலே இருந்தால் ஒரு புள்ளி, எல்.டி.எச். என்ற நொதியம் அளவுக்கு மேலே இருந்தால் இன்னொரு புள்ளி. இம்யூனோதெரபி எடுத்த 466 பேரைப் பார்த்தார்கள். புள்ளியே இல்லாதவர்களின் இடைநிலை ஆயுள் 34 மாதம். ஒரு புள்ளி என்றால் 10 மாதம். இரண்டும் என்றால் 3 மாதம். வாசிக்கிறபோதே வயிற்றைப் பிசையும். அதோடு, கீமோ மட்டும் எடுத்த 162 பேரில் இந்த ஸ்கோர் அப்படிப் பிரித்துக் காட்டவில்லை என்றும் சொன்னார்கள். அப்படியென்றால் இது இம்யூனோதெரபிக்கே உரிய சாவி போல இருக்குதே என்று பலர் துள்ளினார்கள்.

அடுத்த வருடமே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள் தங்களிடம் இருந்த பல மருந்துச் சோதனைகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து அதே ஸ்கோரைப் போட்டுப் பார்த்தார்கள். இம்யூனோதெரபி எடுத்தவர்களிலும் அது பிரித்தது. கீமோ எடுத்தவர்களிலும் பிரித்தது. மரபணு மாற்றத்தைக் குறிவைக்கிற மாத்திரை எடுத்தவர்களிலும் பிரித்தது. எந்த மருந்து எடுத்தாலும் புள்ளி கூடினவர்கள் சீக்கிரம் போனார்கள். ஆக சாவி இல்லை. நோய் எவ்வளவு முற்றியிருக்கு என்பதைக் காட்டுகிற மானி.

இந்த வித்தியாசம் மேலோட்டமாகப் பார்த்தால் சின்னது, ஆனால் எல்லாமே இதில்தான் தங்கியிருக்கு. துறைமுகக்காரருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், அடியில் ஓட்டை விழுந்த ஒரு வள்ளம் இருக்கு. நல்ல வள்ளத்தைவிட அது தூரம் போகாது. துடுப்புப் போட்டாலும் போகாது, எஞ்சின் பூட்டினாலும் போகாது. ஓட்டை எத்தனை என்று எண்ணினால் வள்ளத்தின் விதி ஓரளவு தெரியும். ஆனால் "இந்த வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டி என்ன பிரயோசனம்?" என்ற கேள்விக்கு அந்த எண்ணிக்கை பதில் இல்லை. அதைத் தெரிய வேண்டுமென்றால் ஓட்டை வள்ளத்தை எஞ்சினோடும், அதே மாதிரி ஓட்டை வள்ளத்தை எஞ்சின் இல்லாமலும் விட்டுப் பார்க்க வேணும். ஓட்டை வள்ளத்தையும் நல்ல வள்ளத்தையும் ஒப்பிட்டுவிட்டு "பார், எஞ்சின் வேலை செய்யல" என்று சொல்லக்கூடாது. ஆனால் என்.எல்.ஆர்., பி.என்.ஐ. பற்றி வருகிற கட்டுரைகளில் பெரும்பகுதி செய்வது இதைத்தான். எல்லாரும் மருந்து எடுத்தவர்கள். எடுக்காதவர்கள் ஒப்பீட்டுக்கே இல்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கு. வெட்டுப்புள்ளி எது? ஒரு கட்டுரையில் என்.எல்.ஆர். 3, அடுத்ததில் 4, இன்னொன்றில் 5. பல இடங்களில் தங்கட நோயாளிகளின் முடிவுகளையே பார்த்து, எந்த எண்ணில் வெட்டினால் வித்தியாசம் அழகாகத் தெரியுதோ அந்த எண்ணில் வெட்டுறார்கள். பிறகு அதே நோயாளிகளில் அது வேலை செய்யுது என்று காட்டுறார்கள். பரீட்சைத் தாளைத் திருத்தி முடிச்சிட்டு, எத்தனை மாக்ஸை பாஸ் என்று வைத்தால் நான் நினைச்ச ஆட்கள் பாஸாவார்கள் என்று பார்க்கிற மாதிரி. கலைப்பீடத்தில் இப்படி ஒரு டிசெர்டேஷன் கொடுத்தால் மேற்பார்வையாளர் திருப்பித் தந்துவிடுவார்.

அதுக்கு மேலே, இந்த எண்கள் புற்றுநோயை மட்டும் பார்த்து ஆடுவதில்லை. மூளைக்குப் பரவியதாலோ மூச்சு முட்டுவதாலோ டெக்சாமெதசோன் கொடுத்தால் நியூட்ரோபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். ஒரே நாளில் என்.எல்.ஆர். தலைகீழாகலாம். நிமோனியா வந்தால் ஏறும். காசநோய் கூடவே இருந்தால் மாறும். டெங்கு வந்தால் மொத்த வெள்ளையணுவே கீழே போகும். எங்கட ஊரில் இவை எதுவுமே அபூர்வமான விசயங்கள் இல்லையே.

இனிக் குசினிக்கு வருவோம். எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இது.

பி.என்.ஐ.யை "போசணைக் குறியீடு" என்று தமிழ்ப்படுத்தினவுடனே ஒரு அர்த்தம் தானாக ஒட்டிக்கொள்ளுது: எண் குறைந்தால் போசணை குறைவு, போசணை குறைந்தால் சாப்பாடு சரியில்லை, சாப்பாடு சரியில்லையென்றால் சமைக்கிறவர் சரியில்லை. வாட்டில் பார்க்க வருகிற சொந்தக்காரர் ஒருத்தர் ரிப்போட்டைப் புரட்டிப்போட்டு "அல்புமின் குறைஞ்சிருக்கு, வீட்டில என்ன குடுக்கிறீங்கள்?" என்று கேட்பார். கேட்பது அனேகமாக ஒரு மாமா. பதில் சொல்லாமல் நிற்பது அநேகமாக மனைவி, இல்லாட்டி மகள். நோயாளி அப்பாவோ வாப்பாவோ, கேள்வி எப்போதும் ஒரு பெண்ணைப் பார்த்துத்தான். பிறகு நாளுக்கு ஆறு முட்டை வெள்ளைக்கரு, டின்னில் வருகிற புரத மா, யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பின ஏதோ ஒரு சாறு. 2023இல் இந்த நாட்டில் முட்டையை இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டி வந்தது ஞாபகம் இருக்கும். முட்டையே ஆடம்பரமாக இருந்த காலத்திலும் அந்தக் கேள்வி மாறவில்லை.

உண்மையில் நடப்பது வேறு. அல்புமினைச் செய்வது ஈரல். உடம்பில் பெரிய அழற்சி இருக்கிறபோது இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைகள் ஈரலுக்குப் போகும். உடனே ஈரல் வேலையை மாற்றும்: சி.ஆர்.பி.யைக் கூடச் செய்யும், அல்புமினைக் குறைக்கும். இரத்தக்குழாய்களும் கசியத் தொடங்குவதால் இருக்கிற அல்புமினிலும் ஒரு பங்கு வெளியே போகும். ஆக நன்றாகச் சாப்பிடுகிற ஒருத்தருக்கும் அல்புமின் விழலாம். பட்டினியால் மெலிந்து ஆனால் அழற்சி இல்லாத ஒருத்தருக்கு அல்புமின் சாதாரணமாகவே இருக்கலாம். அல்புமினின் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள். இரண்டு நாள் முட்டை கொடுத்து மூன்றாம் நாள் ரிப்போட்டில் தேடுவதில் அர்த்தமே இல்லை. அமெரிக்காவின் மருத்துவப் போசணைச் சங்கமான ஆஸ்பென் சில வருடங்களுக்கு முதல் வெளிப்படையாகவே ஒரு நிலைப்பாட்டு அறிக்கை போட்டது: அல்புமின் அழற்சியின் அடையாளம், போசணையை அளக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று. ஆனாலும் குறியீட்டின் பெயரில் "போசணை" அப்படியே இருக்கு. 1984இல் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது.

சுவிட்சர்லாந்தில் 2019இல் வெளிவந்த 'எஃபோர்ட்' என்ற ஆய்வை இந்த இடத்தில் சொல்லியே ஆகவேணும். போசணைக் குறைபாட்டு அபாயத்தில் இருந்த, ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான ஆஸ்பத்திரிச் சாப்பாடு. மற்றப் பகுதிக்கு ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டு, டயட்டீஷியன் பார்த்து, சக்தியும் புரதமும் போதுமான அளவு. 30 நாளில் இறந்தவர்கள் முதல் பகுதியில் 9.9 சதவீதம், கவனித்துச் சாப்பாடு கொடுத்த பகுதியில் 7.2 சதவீதம். சாப்பாட்டுக்கு இவ்வளவு பலன் என்றால் சின்ன விசயமில்லை. ஆனால் பிறகு அதே தரவைப் பிரித்துப் பார்த்தபோது, சி.ஆர்.பி. 100க்கு மேலே இருந்தவர்களில், அதாவது அழற்சி கொழுந்துவிட்டு எரிந்தவர்களில், அந்தப் பலனைக் காணவில்லை. ஒரே சாப்பாடு, ஒரே கவனிப்பு, உடம்பு ஏற்கவில்லை. புற்றுநோய் மெலிவு பற்றி 2011இல் நிபுணர்கள் கூடிச் செய்த வரையறையிலேயே, வழக்கமான போசணை ஊட்டத்தால் மட்டும் இதை முழுமையாகத் திருப்ப முடியாது என்று இருக்கு. இதை அந்த மாமாவுக்கு யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

அப்படியென்றால் சாப்பாடு முக்கியமில்லையா? முக்கியம்தான். எங்கட வீடுகளில் பழிக்கு அடுத்த பக்கத்தில் இன்னொரு பிரச்சினை இருக்கு: பத்தியம். அழற்சி என்ற சொல் எங்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகச் சொல். வீட்டுச் சொல் "கிரந்தி". இறால் கிரந்தி, நண்டு கிரந்தி, சூரை கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி. கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு மீனே கொடுக்காமல் ஒரு மனிசனை அரிசிக் கஞ்சியில் வைத்திருப்பார்கள், அன்பினால்தான். கிரந்தி என்று பாட்டிமார் சொல்வதும் இரத்த ரிப்போட்டில் சி.ஆர்.பி. ஏறுவதும் ஒன்றல்ல. சூரை மீன் சாப்பிட்டதால் நுரையீரல் கட்டியின் அழற்சி கூடாது. ஏற்கெனவே பசியில்லாமல், நாக்கு ருசி மாறி, நாலு வாய்க்கு மேல் இறங்காத ஒருவருக்கு அந்த நாலு வாயில் மீனும் முட்டையும் பருப்பும் இருக்கிறது நல்லது. அல்புமினை ஏற்றுவதற்காக இல்லை. எழும்பி நடக்கிற தசை கொஞ்சம் மிஞ்சட்டும் என்பதற்காக. அதை அளக்க வேணுமென்றால் தராசு இருக்கு: ஆறு மாதத்தில் எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்குதா, இல்லையா? 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. எந்த ஆய்வுகூடமும் வேண்டாம்.

இப்போது மற்ற மேசைக்கு. மருந்து விலை. பெம்புரோலிசுமாப் வழக்கமாக மூன்று கிழமைக்கு ஒருதரம் 200 மில்லிகிராம், அரை மணித்தியாலச் சேலைன். திருகோணமலையிலிருந்து மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவர் அந்த அரை மணித்தியாலத்துக்காக இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ போய்த் திரும்ப வேணும். அதைக்கூடச் சமாளிக்கலாம், மருந்து எல்லாருக்கும் கிடைத்தால். கிடைக்காது. எங்கட அரச மருந்துப் பட்ஜெட்டில் இது எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கிற மருந்து இல்லை, கையில் வாங்குவதென்றால் காணி விற்கிற கதை. பலன் கற்பனையும் இல்லை. பி.டி.-எல்1 கூடிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் நடந்த கீநோட்-024 ஆய்வில் ஐந்து வருடத்துக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் பெம்புரோலிசுமாப் பக்கம் 31.9 சதவீதம், கீமோ பக்கம் 16.3. 2025 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை நுரையீரல் புற்றுநோய்க்கும் பெம்புரோலிசுமாப்பைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அத்தியாவசியப் பட்டியல் என்ற எண்ணத்தையே உலகத்துக்கு முதல் செய்து காட்டியவர்களில் ஒருவர் எங்கட நாட்டு சேனக பிபிலே என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியாது.

மருந்து சிலருக்குத்தான் என்று வரும்போது யாருக்கு என்ற கேள்வி வரும். அந்த நேரம் கையில் ஒரு மலிவான எண் இருந்தால், அதைச் சல்லடையாக்குகிற ஆசை தானாக வரும். "என்.எல்.ஆர். 5க்கு மேல, பி.என்.ஐ. 40க்குக் கீழ, வீண் செலவு." எங்கேயாவது இப்படி ஒரு விதி எழுதியிருக்கு என்று நான் சொல்ல வரவில்லை. எழுதப்படக்கூடாது என்று சொல்றேன். காரணம் இரக்கம் மட்டும் இல்லை, அந்த விதியே பிழையாக இருக்கும் என்பதுதான். மேலே சொன்ன ஓட்டை வள்ளக் கணக்கு. எண் மோசமானவர்களுக்கு மருந்து பலன் குறைவு என்று ஒப்பிட்டுக் காட்டாத வரைக்கும் அது காரணம் ஆகாது. கீநோட் மாதிரி ஆய்வுகளில் எழும்பி நடமாடக்கூடிய, ஓரளவு திடமானவர்களைத்தான் சேர்த்தார்கள். ஆகவே மெலிந்து படுத்தவர்கள் பற்றி எங்களுக்குத் தெரிந்தது குறைவு. தெரிந்தது குறைவு என்பது "பலன் இல்லை" என்பதற்குச் சமன் இல்லை.

அதோடு இந்தச் சல்லடை யாரைக் கழிக்கும் என்று யோசியுங்கள். கொழும்பில் இருமல் வந்த மாதமே ஸ்கேன் எடுக்கிறவரையா? ஆறு மாதம் பார்மசி இருமல் மருந்தில் ஓட்டி, பிறகு எக்ஸ்ரே, பிறகு காசநோய்ப் பரிசோதனை, பிறகு மட்டக்களப்பு, பிறகு மஹரகம என்று அலைந்து வருகிற மீன்பிடிக்காரரையா? தாமதம் என்.எல்.ஆர்.இல் ஏறி நிற்கும். வறுமை எடையில் தெரியும். அந்த எண்ணைக் காட்டி மருந்தை மறுத்தால், தாமதத்துக்கும் வறுமைக்கும் இரண்டாம் தரம் தண்டனை கொடுக்கிறோம், அதுவும் விஞ்ஞானத்தின் பெயரில்.

காசு இல்லாத நாடு வேறு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு மும்பையைக் காட்டுவேன். டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் தலை, கழுத்துப் புற்றுநோயில் ஒரு ஆய்வு செய்து 2022இல் வெளியிட்டார்கள். எங்கட நாட்டு ஆண்களிடம் முன்னணியில் நிற்கிற வாய்ப்புற்றுநோயும் இந்த வகைக்குள்தான். நிவோலுமாப் வழக்கமாக இரண்டு கிழமைக்கு 240 மில்லிகிராம். அவர்கள் மூன்று கிழமைக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள், மலிவான வாய்வழி மருந்துகளோடு சேர்த்து. ஒரு வருடம் தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதம் ஆனார்கள். 151 பேர் மட்டுமே கொண்ட ஆய்வு, நுரையீரலும் இல்லை, ஆகவே அப்படியே தூக்கி இங்கே போட முடியாது. எனக்குப் பிடித்தது அதன் பின்னால் இருக்கிற யோசனை. ஆட்களைக் குறைக்காமல் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். எண்ணால் வரிசையை வெட்டுவது இலேசு. இப்படி ஒரு ஆய்வைச் செய்வது கஷ்டம். எங்கட மருத்துவ பீடங்கள் எந்தப் பக்கம் போகப் போகின்றன என்பது எனக்கு உண்மையான கேள்வி.

மோசமான எண்ணுக்கு ஒரு நல்ல பயன்பாடும் இருக்கு, அதை நாங்கள் கிட்டத்தட்ட செய்வதே இல்லை. 2010இல் அமெரிக்காவின் பாஸ்டனில், பரவின நுரையீரல் புற்றுநோய் வந்த 151 பேரில் ஒரு பகுதிக்கு (இங்கேயும் 151, தற்செயல்தான்) நோய் தெரிந்த உடனேயே வலி நிவாரணப் பராமரிப்புக் குழுவையும் சேர்த்துவிட்டார்கள். வலி, மூச்சு, பயம், குடும்பத்தோடு கதைக்கிறது, இவ்வளவுதான் அந்தக் குழுவின் வேலை. அவர்களில் மனச்சோர்வு குறைந்தது, கடைசி நாட்களில் வீணான கடும் சிகிச்சைகள் குறைந்தன. எதிர்பாராத விதமாக ஆயுளும் கூடியது: 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. இதுக்குப் பல லட்ச ரூபா மருந்து தேவையில்லை. ஒருத்தருடைய என்.எல்.ஆர். ஏறி, அல்புமின் இறங்கி, எடையும் போகுது என்றால், அவரை முதலில் இந்தப் பராமரிப்புக்கு அனுப்பவேணும், மறைந்திருக்கிற தொற்றைத் தேடவேணும், டயட்டீஷியனைக் காட்டவேணும். இவை கதவைத் திறக்கிற பயன்பாடுகள். எங்கட பக்கத்திலோ "பலியேடிவ்" என்ற சொல்லைக் கேட்டவுடனே "டொக்டர்மார் கைவிட்டிட்டாங்கள்" என்று குடும்பம் அழுது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், பழைய எஃப்.பி.சி. தாள்களை எறியாதீங்கள். ஒரு நாள் எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகுது என்பது டொக்டருக்குக் கூட உதவும். சிகிச்சை தொடங்கி ஆறு கிழமையில் என்.எல்.ஆர். இறங்குதா, ஏறுதா என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பேனையால் எழுதி வையுங்கள்: அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, டெக்சா குடித்த நாளா, எடை எத்தனை. கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் "அல்புமினை எப்படி ஏத்துறது?" என்று கேட்காமல், "இந்த அழற்சிக்குப் புற்றைத் தவிர வேற காரணம் இருக்கா டொக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். கூட வந்த மாமாவை வெளியில் வாங்கில் இருக்கச் சொல்லலாம்.